பகர்தல்
வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனால், "சார், அப்படியே ஒரு பாலிசி போட்டுடலாமா?" என்கிறார்கள்; துணிக்கடையில் பில் போடுமுன் உறுப்பினர் அட்டையை நீட்டுகிறார்கள். வணிகத்துறை இதை கிராஸ் செல்லிங் என்கிறது. 'குறுக்கு விற்பனை' என்ற தமிழாக்கம் எனக்கு ஒட்டவில்லை. குறுக்கே வந்து நிற்பது என்னவோ உண்மைதான். பழந்தமிழில் சொல்வதும் விற்பதும் ஒரே வினைக்குள் இருந்தன: பகர்தல். சிலப்பதிகாரத்தில் புகார் வீதிகளில் சுண்ணமும் சாந்தும் பூவும் விற்றுத் திரிவோர் 'பகர்வனர்'. பொருளின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடப்பார்கள், வேண்டியவர் கூப்பிடுவார் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. நொடுத்தல் என்றாலும் விற்றல்தான். அதன் பக்கத்திலேயே நிற்கும் 'நொடி'க்குச் சொல் என்றும் பொருளுண்டு, ஈழத்தில் விடுகதையே நொடி. பின்னாளில் பகர்தல் கடைத்தெருவை விட்டுச் செய்யுளுக்குள் போய், சொல்லுதல் என்ற பொருளோடு தங்கிவிட்டது. இன்றைய கவுண்டர் வேலைக்கு அந்த நயமான சொல்லைத் தர மனமில்லை. பேச்சுவழக்கில் இருக்கவே இருக்கிறது, 'தலையில் கட்டுதல்'. அப்படிக் கட்டிய ஆயுள் காப்பீட்டை, ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க 2024 விதிமுறை இடம் தருகிறது. ஃப்ரீ லுக் என்கிறார்கள். நான் 'பார்த்துத் திருப்பும் காலம்' என்பேன்.