பத்தாலாவில் இறங்கிய விருந்தாளி

சுற்றுலாக் கையேடுகளில் கற்பிட்டி என்றால் மணல், டொல்பின், பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர். கூடவே, ஆளரவமற்ற கடற்கரை என்றும் எழுதிவிடுவார்கள். எனக்கு உறுத்துவது இந்தக் கடைசிச் சொல்தான். விருந்தாளிகளை வரவேற்று வந்த கரையை வெறுங்கரை என்பது எப்படி?

ஹிஜ்ரி 745, கி.பி. 1344. மாலைதீவில் காழியாக இருந்த இப்னு பதூதா மஃபருக்கு, அதாவது மதுரை சுல்தான்கள் ஆண்ட சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டார். மூன்று நாள் ஓட்டம். காற்றுத் திருப்பிவிட, ஒன்பதாம் நாள் ஸரந்தீபைக் கண்டார். இறங்கிய பட்டினத்தைப் பத்தாலா என்று எழுதுகிறார். அது புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர் முடிவு.

மாலுமிகள் கரைபிடிக்க அஞ்சினர். அது ஆரியச் சக்கரவர்த்தியின் நாடு. அவன் கப்பல்கள் கடலில் கொள்ளையடிக்கும் என்று பேச்சு. இப்னு பதூதா தாமே இறங்கிப்போய் அமான் பெற்றார். அவர் கண்டது மரச்சுவரும் மரக் கொத்தளமும் கொண்ட சின்ன, அழகான பட்டினம். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்தன. மஃபர், மலபார்க்காரர் அவற்றை விலையில்லாமல் எடுத்துப்போவார்கள். பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி கொடுப்பார்கள்.

பாரசீகம் விளங்கிய அந்த அரசன் மூன்று நாள் உபசரித்தான், முத்துக்களைக் காட்டினான், வேண்டியதைக் கேள் என்றான். ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார் விருந்தாளி. பல்லக்கும், வழித்துணைக்கு யோகிகளும் பிராமணரும், உணவு சுமக்க 15 ஆட்களும் கிடைத்தன. வழியில் எருமைக்கன்று இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால். அந்த ஊரில் சுகமில்லாமல் தங்கிவிட்ட குராசான்காரர் ஒருவரைத் தவிர முஸ்லிம் எவரையும் காணவில்லை என்கிறார். ஒரு முஸ்லிம் பயணியை அன்று அரவணைத்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இதை நாம் மறக்கக் கூடாது.

இப்னு பதூதா கடலேறியது ஆகஸ்ட் கடைசியில், சோளகம் வீசும் காலம். இன்று பட்டச் சறுக்கலுக்கு ஆட்கள் வருவதும் அதே சோளகத்தை நம்பித்தான். கற்பிட்டியில் ஒரு மூத்தவர் என்னிடம் சொன்னார்: "மகன், காத்து ஒண்டுதான். வாற ஆக்கள்தான் வேற வேற."

விருந்தாளியாக வராதவர்களும் உண்டு. களப்பின் வாசலைப் பிடித்தால் கண்டி இராச்சியத்தின் வணிகத்தை நெருக்கலாம் என்று கணக்குப் போட்ட ஒல்லாந்தர், 1667இல் கற்பிட்டிக் கோட்டையைத் தொடங்கி 1676இல் முடித்தார்கள்.

1990 ஒக்டோபரில் வந்தவர்களோ உல்லாசம் தேடி வந்தவர்கள் அல்லர். விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விரட்டியபோது, மன்னார்ப் பக்கத்தார் பலர் படகேறி இந்தக் கரையில்தான் இறங்கினர். பள்ளிவாசலும் பாடசாலையும் வீடுகளும் திறந்தன. அதே மூத்தவர் சொன்னார்: "ஆரு எண்டு கேக்கல்ல. பிள்ளையள் நனஞ்சி நடுங்குது. முதல்ல சோத்த ஆக்கினம்." கிணற்றுத் தண்ணீரும் வேலையும் நிலமும் பங்கானபோது பிணக்குகளும் வந்தன. அதையும் சேர்த்துத்தான் வரலாறு.

போர் முடிந்த பின் 14 தீவுகளையும் சேர்த்துப் பெரிய சுற்றுலாத் திட்டம் வந்தது. கரைவலை இழுக்கும் இடமும் படகு ஏற்றும் வழியும் பறிபோகின்றன என்று மீனவர் முறையிட்டனர். வரைபடத்தில் கரை வெறுமையாக இருந்தால்தான் அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது சுலபம்.

சுற்றுலா வேண்டாம் என்பதல்ல என் கட்சி. விருந்தாளி வரட்டும், மீனும் சோறும் தின்னட்டும், தலவில தேவாலயத் திருவிழாவையும் பார்க்கட்டும். ஆனால் விருந்து வைக்க வீட்டுக்காரன் வீட்டில் இருக்க வேண்டும். இப்னு பதூதா யாருடைய நாட்டில் இறங்குகிறோம் என்று தெரிந்து, கேட்டு இறங்கினார். 1990இல் படகோட்டியவர்களும் சோறாக்கியவர்களும் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் வாய்மொழியை ஊர் ஊராக இப்போதே பதியாவிட்டால், ஆளரவமற்ற கரை என்று எழுதுகிறவர்களுக்கு மறுப்புச் சொல்ல நம் கையில் ஏடு இருக்காது.