ஐக்கிய அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கொடுமையும் புறக்கணிப்பும்

முதியோர் பராமரிப்பு இல்லக் கொடுமை என்பது, தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாது ஓர் இல்லத்தில் தங்கியிருப்போருக்கு, அவர்களைப் பேணும் பொறுப்பில் உள்ளவர்கள் இழைக்கும் தீங்கைக் குறிக்கும். செய்ய வேண்டிய பணியைச் செய்யாது விடுவதால் நேரும் தீங்கு புறக்கணிப்பு எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 'நர்சிங் ஹோம்' என்பது 24 மணி நேரமும் செவிலியர் பராமரிப்பு வழங்கும் தங்குமிடம் ஆகும். தமிழ்நாட்டில் இப்பெயரால் அழைக்கப்படும் சிறிய தனியார் மருத்துவமனைகளிலிருந்து இது வேறுபட்டது.

இவ்வில்லங்களில் தங்கியிருப்போரில் பலர் மறதிநோயாலோ பக்கவாதத்தாலோ பேச்சும் நினைவும் குன்றியவர்கள். பேசக் கூடியவர்களும், தம்மைக் குளிப்பாட்டி உணவூட்டுபவர் மீதே முறையிட அஞ்சுவதுண்டு. ஆகவே, உறவினர் முதலிய வெளியாட்கள் அறிகுறிகளைக் கண்டறிந்து முறையிடுவது இன்றியமையாததாகிறது.

வகைகள்

* உடற்கொடுமை: அடித்தல், தள்ளுதல், முரட்டுத்தனமாகக் கையாளுதல்.
* உளக்கொடுமை: திட்டுதல், மிரட்டுதல், இழிவுபடுத்துதல், தனிமைப்படுத்துதல்.
* பாலியற் கொடுமை: இசைவின்றியோ, இசைவு தெரிவிக்க இயலாத நிலையிலோ இழைக்கப்படுவது.
* பொருட் சுரண்டல்: பணம், நகை, காசோலை ஆகியவற்றைக் கவர்தல்.
* புறக்கணிப்பு: உணவு, நீர், மருந்து, தூய்மை ஆகியவற்றை உரிய நேரத்தில் வழங்காமை.

மருத்துவத் தேவையின்றி, பணியாளரின் வசதிக்காக ஒருவரைக் கட்டிலிலோ நாற்காலியிலோ கட்டி வைப்பதும், மருந்து கொடுத்து மயக்கத்தில் வைத்திருப்பதும் தடை செய்யப்பட்டவை. மனநோய்க்கான சில மருந்துகள் மறதிநோயுற்ற முதியோரின் இறப்பு வாய்ப்பை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2005இலும் 2008இலும் எச்சரித்தது.

அறிகுறிகள்

புறக்கணிப்பின் தடயங்கள் பெரும்பாலும் உடலிலேயே தென்படுகின்றன. படுக்கைப் புண் இவற்றுள் முதன்மையானது. ஒரே நிலையில் நெடுநேரம் கிடக்கும்போது, எலும்பு துருத்தி நிற்கும் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் குருதியோட்டம் தடைப்பட்டு இப்புண் உண்டாகிறது. முதற்படியில் அழுத்தினாலும் மறையாத சிவப்பாகவும், நான்காம் படியில் தசையோ எலும்போ தெரியும் ஆழமான புண்ணாகவும் இது காணப்படும். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாதாகையால், அவ்விடத்தின் வெப்பத்தையும் இறுக்கத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நாவறட்சி, அடர்நிறச் சிறுநீர், திடீர்க் குழப்பம் ஆகியவை நீரிழப்பைக் காட்டலாம். ஒரு மாதத்தில் 5 விழுக்காடு அல்லது ஆறு மாதங்களில் 10 விழுக்காடு எடை குறைவது, காரணம் ஆராயப்பட வேண்டிய அளவாகக் கூட்டாட்சி வழிகாட்டுதல்களில் கொள்ளப்படுகிறது.

அறிகுறி மட்டுமே சான்றாகாது. முதியோரின் தோல் மெலிந்தது; குருதி உறையாமைக்கான மருந்து உட்கொள்வோருக்குச் சிறு தட்டலிலும் கன்றிப்போகும். நல்ல கவனிப்பிலும் சிலருக்குப் படுக்கைப் புண் வருவதுண்டு. எனினும், கூறப்படும் காரணம் காயத்துடன் பொருந்தாமை, பணியாளர்கள் முன்பின் முரணாகப் பேசுதல், இரு மேற்கைகளிலும் விரல் பதிந்தாற்போன்ற தடம், குறிப்பிட்ட ஒருவர் அருகே வரும்போது முதியவர் ஒடுங்குதல், பார்க்க வருவோரை அவருடன் தனியே விட மறுத்தல் ஆகியவை விசாரணை தேவை என்பதைக் காட்டுவன.

காரணங்கள்

ஆட்பற்றாக்குறை, குறைந்த ஊதியம், பணியாளர்கள் அடிக்கடி மாறுதல், பயிற்சியின்மை, மேற்பார்வைக் குறைவு ஆகியவை முக்கிய காரணங்களாகும். ஒருவரே பலரைக் கவனிக்க நேரும்போது, தீய எண்ணம் இல்லாதவிடத்தும் புறக்கணிப்பு நிகழ்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரச் செவிலியப் பராமரிப்பை வலியுறுத்தும் விதி 2024இல் வெளியிடப்பட்டது. 2025 ஏப்ரலில் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது.

சட்டங்கள்

மருத்துவக் கழகம் 1986இல் வெளியிட்ட ஆய்வறிக்கையைத் தொடர்ந்து, 1987இல் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. மெடிகேர், மெடிகெய்ட் ஆகிய அரசுத் திட்டங்களின் நிதியைப் பெறும் இல்லங்கள் இதற்குக் கட்டுப்பட்டவை. செவிலிய உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, முன்னறிவிப்பற்ற ஆய்வு, தங்கியிருப்போரின் உரிமைகள் ஆகியவற்றை இச்சட்டம் வரையறுத்தது.

கூட்டாட்சி விதிகளின்படி, கொடுமை பற்றிய குற்றச்சாட்டை இல்லம் 2 மணி நேரத்துக்குள் மாநில ஆய்வு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணை முடிவை 5 பணி நாட்களுக்குள் அளிக்க வேண்டும். முறையிட்டவரைப் பழிவாங்குதல் தடை செய்யப்பட்டுள்ளது.

செய்ய வேண்டியவை

1. உடனடி ஆபத்து இருப்பின் 911 எண்ணை அழைத்தல்.
2. முதியவருடன் தனியாகப் பேசுதல். அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே குறித்தல்.
3. காயங்களை அவரது இசைவுடன் ஒளிப்படம் எடுத்து, நாள், நேரம், பணியிலிருந்தோர் ஆகிய விவரங்களைப் பதிதல்.
4. மருத்துவப் பரிசோதனை கோருதல். பாலியற் கொடுமை ஐயப்படும்போது, பரிசோதனைக்கு முன் உடலையோ ஆடையையோ கழுவாதிருத்தல்.
5. இல்ல நிருவாகியிடம் எழுத்து மூலம் முறையிட்டுப் படியொன்றை வைத்துக்கொள்ளுதல்.
6. மாநில ஆய்வு அமைப்பிடமும், நீண்டகாலப் பராமரிப்புக் குறைகேள் அலுவலரிடமும் முறையிடுதல். குற்றம் நிகழ்ந்ததாக ஐயமிருப்பின் காவல்துறைக்குத் தெரிவித்தல்.

குறைகேள் அலுவலர் திட்டம் 1972இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1978 முதல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. இவ்வலுவலர் தங்கியிருப்பவரின் சார்பில் செயற்படுபவர். பொதுவாக அவரது இசைவின்றி அவர் அடையாளத்தை வெளியிடுவதில்லை. முறையிடுவதற்கு முழுச் சான்று தேவையில்லை. நியாயமான ஐயமே போதுமானது. உண்மையைக் கண்டறிவது விசாரிப்போரின் கடமையாகும்.

வெளியார் பார்வையின் முக்கியத்துவம்

கோவிட்-19 பரவலை அடுத்து 2020 மார்ச்சில் பார்வையாளர் வருகை பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. குறைகேள் அலுவலர்களும் தொடக்க மாதங்களில் நேரில் செல்ல இயலாதிருந்தனர். உணவூட்டவும் பேச்சுத்துணையாகவும் வந்துகொண்டிருந்த உறவினர் இல்லாதபோது, எடைக் குறைவையும் புண்ணையும் முதலில் கவனிக்கக் கூடிய கண்களும் இல்லாது போயின. படிப்படியாகத் தளர்த்தப்பட்ட இக்கட்டுப்பாடு 2021 நவம்பரில் பெரும்பாலும் நீக்கப்பட்டது. வெவ்வேறு நாட்களிலும் நேரங்களிலும், குறிப்பாக உணவு வேளைகளிலும் வார இறுதியிலும் சென்று பார்ப்பது, கொடுமையையும் புறக்கணிப்பையும் விரைவில் அறிய உதவும் எளிய வழியாகும்.