கேளாமல் திருத்திய கருவி

பத்திரிகைக் காரியாலயங்களில் ஈய எழுத்துக்களால் அச்சுக்கோத்த காலத்தில், ஒப்புநோக்குபவர் ஐயத்துக்குரிய பெயரைக் கண்டால் தாமாக மாற்றமாட்டார். ஓரத்தில் கேள்விக்குறி இட்டு ஆசிரியபீடத்துக்கு அனுப்புவார். கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும் பெரும்பாலும் அவ்வாறே நம்மிடம் கேட்கிறது. கேளாமலே திருத்தும் கருவி என்ன செய்யும் என்பதற்கு, மைக்ரோசொப்ட் எக்செல் விரிதாள் உயிரியல் ஆய்வில் விளைவித்த குழப்பமே சான்று.

உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புபட்ட மரபணு ஒன்றுக்கு முன்னர் 'டிஈசி1' எனப் பெயர் இருந்தது. அதனை விரிதாளில் இட்டதும் எக்செல் அதை டிசெம்பர் முதலாந் திகதி எனக் கொண்டது. 'செப்ட்2' செப்டெம்பர் 2 ஆயிற்று. 'மார்ச்1' மார்ச் முதலாந் திகதியாயிற்று. 2004 ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் சிலர் இதனைக் கட்டுரை எழுதி எச்சரித்தனர்.

இப்பிழையின் கொடுமை, அது மீள இயலாதது என்பதாகும். எக்செல் திகதியை 1900 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து எண்ணிய நாட்கணக்காகவே சேமிக்கிறது. 2004 இல் 'செப்ட்2' என்று பதிந்தவர், பின்னர் அக்கட்டத்தை எழுத்து வடிவுக்கு மாற்றினால் 38232 என்ற எண்ணையே காண்பார். மூலப்பெயர் மறைந்துவிடும். தரவை இடுமுன்பே அந்நிரலை எழுத்து வடிவமாக அமைப்பதே பாதுகாப்பாக இருந்தது.

எச்சரிக்கை பலிக்கவில்லை. 2016 இல் மெல்பேர்ண் ஆய்வாளர் மூவர், 18 ஆய்விதழ்களில் 2005 முதல் 2015 வரை வெளிவந்தவற்றைச் சோதித்தனர். எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல் இணைத்த 3,597 கட்டுரைகளுள் 704 இல் இப்பிழை இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று! ஆய்வாளரும் நடுவரும் ஆசிரியரும் படித்து ஒப்புக்கொண்டவை அவை.

இறுதியில் பணிந்தது மென்பொருளன்று, அறிவியலே. மனித மரபணுப் பெயரிடற் குழு 2020 இல் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. 'மார்ச்1' 'மார்ச்எப்1' ஆகவும், 'செப்ட்2' 'செப்டின்2' ஆகவும் மாறின. தானியங்கி மாற்றத்தை விரும்புவோர் நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசொப்ட் வழங்கியது 2023 இலேயே.

பிழையைத் தேடும்போது எழுதியவரை மட்டும் சோதித்தல் போதாது. திருத்தியவரையும் சோதித்தல் வேண்டும். ஓரத்தில் இட்ட அந்தக் கேள்விக்குறி எத்துணை மதிப்புடையது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.