சென்னை மாநகரில் நம் முன்னோர் சுவடுகள்

சென்னையை ஒரு முறையேனும் காணாதவர் நம் இளைஞருள் இன்று மிகச் சிலரே. தேர்வாணையத் தேர்வு, நேர்காணல், பெரியாஸ்பத்திரி, உறவினர் இல்லத் திருமணம் என ஏதேனும் ஒரு காரணம் பற்றி ஆண்டுக்கு ஒரு முறையாவது அங்குச் சென்று வருகின்றனர். ஊர் திரும்பியதும் கண்டவை யாவை என வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். மெரினாக் கடற்கரை, தலைவர்களின் நினைவிடங்கள், எழும்பூர் அருங்காட்சியகம், வண்டலூர் உயிரியல் பூங்கா, வாணிகத் தெருக்கள் என்பர். முந்திய தலைமுறையினர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சிச் சாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் வழங்கினர். மவுண்ட் ரோட்டில் நின்று எல்.ஐ.சி. கட்டடத்தின் மாடிகளை எண்ணிப் பார்த்துவிட்டு வந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டனர்.

இவற்றைக் காணல் குறையன்று. ஆயின் மறுமுறையும் மூன்றாம் முறையும் செல்பவர் அவற்றையே சுற்றிவருவது ஏன் என்பதே என் வினா. சுற்றுலாப் பேருந்து நில்லாத இடங்கள் சில அந்நகரில் உள. அவற்றுட் சில இடங்களில் இன்றும் கட்டடம் நிற்கிறது. வேறு சிலவற்றில் தெருவைத் தவிர எஞ்சியது ஒன்றுமில்லை. அங்கு நடந்தது யாது, எந்த ஆண்டில் நடந்தது என்பதை அறிந்து செல்பவனுக்கே அத்தெரு ஒரு காட்சிப்பொருளாகும். அறியாது செல்பவனுக்கு அது பேருந்து நெரிசல் மிக்க மற்றொரு தெருவே.

முதலில் இராயப்பேட்டையைக் கூறுதல் வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் ‘பறையன்’ என்னும் இதழைச் சென்னையில் தொடங்கினார். முதலில் திங்களிதழாக வந்து பின்னர் வார இதழாயிற்று. 1900-ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. எந்தச் சொல்லைக் கூறி நம்மவரைத் தெருவில் ஒதுங்கச் சொன்னார்களோ, அந்தச் சொல்லையே இதழின் முகப்பில் அச்சிட்டு விற்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அதே ஆண்டு டிசம்பரில் இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் கல்லூரி மண்டபத்தில் அவர் ஒரு கூட்டம் கூட்டினார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் நடத்துவதுபோல இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் அப்போது கோரி வந்தனர். அதனை மறுத்து, 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஒன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது.

குடிமைப் பணித் தேர்வுக்கு இரவு பகலாகப் படிக்கும் நம் இளைஞர்க்கு இச்செய்தி வியப்பாகத் தோன்றலாம். சிலர்க்கு வருத்தமும் தரலாம். அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளியின் வாயிற்படியே நமக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. இங்குத் தேர்வு நடந்தால் வெல்பவர் யார், வென்றபின் அதிகாரத்தோடு நம் சேரிக்கு வருபவர் யார் என்பதை அம்முதியோர் கணக்கிட்டுப் பார்த்தனர். அவர் கணக்குச் சரியா, பிழையா என்று இன்று வாதிடலாம். அரசியல் அறியாதவர், பிறர் கையைப் பார்த்திருந்தவர் என்று மட்டும் அவரைச் சொல்ல இயலாது. இராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளி இன்றும் உள்ளது. பிற்காலத்தில் சட்டமன்றத்தில் நம் குரலாக விளங்கிய எம்.சி. ராஜாவும் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றவரே. வெளியே நின்றாவது அதனைப் பார்த்து வரலாம்.

அதே இராயப்பேட்டையிலிருந்துதான் 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். நான்கு பக்கம், விலை பெயரிலேயே உள்ளது. ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிற்று. ஆனால் அதன் வீச்சுச் சுருங்கவில்லை. கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் கூலி வேலைக்குச் சென்றிருந்த நம்மவர் அதனை வரவழைத்து, படித்தவர் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டனர். பண்டிதர் தொழிலால் சித்த மருத்துவர். 1898-ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1914-ஆம் ஆண்டு மே திங்கள் மறைந்தார். பண்டிதரைப் படித்தபின் எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் செல்பவர், திமிங்கில எலும்புக்கூட்டின் முன் நிற்கும் நேரத்தில் பாதியையாவது அமராவதிப் பௌத்தச் சிற்பங்களுக்கு ஒதுக்குவர் என நம்புகிறேன். எழும்பூர் ரயில் நிலையத்திற்கு எதிர்ப்புறம் கென்னட் சந்தில் மகாபோதி சங்கமும் உள்ளது. வண்டிக்குக் காத்திருக்கும் வேளையிலேயே பார்த்துவிடலாம்.

இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் ஒரு கிணற்றுக் கல்வெட்டு உண்டு. சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது, 1818-ஆம் ஆண்டு, எல்லிஸ் என்னும் ஆங்கில அதிகாரி நகரில் 27 கிணறுகள் வெட்டுவித்தார். அச்செய்தியைத் திருக்குறளோடு சேர்த்துப் பொறித்த கல் அது. அந்த எல்லிஸுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆரிங்டன் என்ற வெள்ளையரிடம் சமையற் பணியில் இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் என்பவர், தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச் சுவடியை எல்லிஸிடம் சேர்ப்பித்ததாக அயோத்திதாசர் தம் இதழில் எழுதியுள்ளார். குறள் அச்சேறியது 1812-இல். ஒரு சமையற்காரரின் வீட்டுப் பரணில் ஓலைச் சுவடிகள் இருந்தன என்னும் இக்குறிப்பு, நம் வீடுகளில் எழுத்தே இருந்ததில்லை என்போர்க்குத் தக்க மறுமொழியாகும்.

கல்வித் துறையினராகிய எங்களுக்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை பழகிய இடம். பள்ளிக் கல்வி இயக்ககம் அமைந்த அவ்வளாகத்தை டி.பி.ஐ. என்றே வழங்கி வந்தோம். 2022-இல் அதற்குப் பேராசிரியர் அன்பழகன் பெயர் சூட்டப்பெற்றது. எல்லிஸ் முன்னின்று 1812-இல் தோற்றுவித்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி பின்னாளில் அவ்விடத்தில் இயங்கியதால்தான் சாலைக்கே அப்பெயர் வந்தது. கோப்பினைக் கையில் ஏந்தி அலுவலர் அழைப்பிற்காக அங்கு அரைநாள் நின்ற ஆசிரியர் எத்தனையோ பேர்! அருகே உள்ள, 1812-இல் தோன்றிய சென்னை இலக்கியச் சங்க நூலகத்தின் படியேறியவர் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

கல்வியைப் பற்றிய பேச்சில் அடையாற்றை விடலாகாது. ஆல்காட் அவர்கள் 1894-ஆம் ஆண்டு அடையாற்றுப் பகுதிச் சேரிப் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அத்தகைய பள்ளிகள் நகரில் ஐந்தாகப் பெருகின. அவற்றுள் முதலாவது, ஆல்காட் நினைவு மேல்நிலைப்பள்ளி என்ற பெயரில் பெசன்ட் நகரில் இன்றும் நடைபெறுகிறது. பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் செல்வோர் ஆயிரக்கணக்கானோர். வழியில் இப்படியொரு பள்ளி இருப்பதை அவருள் ஒருவரேனும் கவனிப்பாரா என்பது ஐயமே. ஆயிரம் விளக்கிலும் இவ்வாறே. மெட்ரோ ரயில் நிற்குமிடமாக மட்டும் அதனை நாம் அறிவோம். மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரும் திட்டம் 1920-ஆம் ஆண்டு சர் பிட்டி தியாகராயர் காலத்தில் அவ்விடத்துப் பள்ளியில்தான் முளைவிட்டது. நாளொன்றுக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு.

புனித ஜார்ஜ் கோட்டைக்குச் செல்வோர் அங்குள்ள அருங்காட்சியகத்தில் பழைய வாள்களையும் நாணயங்களையும் 1680-இல் திறக்கப்பெற்ற புனித மேரி தேவாலயத்தையும் பார்க்கின்றனர். நான் சுட்ட விரும்புவது சட்டமன்றக் கட்டடத்தை. 1924-ஆம் ஆண்டு அன்றைய சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிற்று. பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். அரசும் அதனை ஆணையாக வெளியிட்டது. சாலையில் நடப்பதற்கு ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது! ஆணை பிறந்த பின்னும் அது எத்தனை ஊர்களில் எத்தனை ஆண்டுகள் வெறுங்காகிதமாய்க் கிடந்தது என்பதை நம் வீட்டு முதியோரைக் கேட்டால் ஊர்ப்பெயரோடு சொல்வர்.

வடசென்னைக்கு வருவோம். பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எனப்பெற்ற பின்னி ஆலைகள் இருந்தன, 1996-இல் மூடப்பட்டன. 1918-ஆம் ஆண்டு ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது இவ்வாலைத் தொழிலாளரிடையேதான். 1921-இல் சுமார் நான்கு மாதம் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். பகை மூண்டது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. தொழிற்சங்க வரலாறு எழுதியோர் பலர் நம்மவரைக் கருங்காலிகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றனர். நாட்கூலியன்றி வேறு பிடிமானம் இல்லாதவன் எத்தனை மாதம் பட்டினி கிடப்பான்? ஆலைக்குள் தோழன் என்பவன், ஆலைக்கு வெளியே தன் தெருவில் அவனை நடக்கவிட்டானா? இக்கேள்விகளை அன்றே எம்.சி. ராஜா போன்றோர் எழுப்பினர். சங்கத்தின் பக்கத்திலும் பசியும் நியாயமும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. முதலாளி இரு ஏழையரை மோதவிட்டு ஆதாயம் பெற்றான் என்பதும் உண்மை. புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளுக்கு அடையாளம் யாதுமில்லை. நான் முன்னர்க் கூறிய, தெருவும் தேதியும் மட்டும் உள்ள இடங்களுள் இது தலையாயது.

சென்ட்ரல் நிலையத்தை அடுத்து 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையின் வெண்மையை அனைவரும் கண்டுள்ளனர். 1937-இல் ஜே. சிவசண்முகம் பிள்ளையும், 1945-இல் ந. சிவராஜும் மேயர் அங்கியோடு அமர்ந்த மாளிகை அது. 2022-இல் பிரியா அவர்கள், நம் மக்களிடமிருந்து வந்த முதல் பெண் மேயராக அவ்விருக்கையில் அமர்ந்தார். சிவராஜ் சட்டக்கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தவர். உயர்நீதிமன்றத்தை ஒட்டிய அச்சிவப்புக் கட்டடத்திலிருந்து 2018-இல் கல்லூரி இடம் பெயர்ந்துவிட்டது. 1990-இல் அதற்குச் சூட்டிய டாக்டர் அம்பேத்கர் பெயர் கல்லூரியோடு தொடர்கிறது. சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரிலுள்ள கல்லூரி மாணவர் விடுதியை நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் நன்கறிவர். அப்பெயருக்குரியவர் யார் என்று அங்குத் தங்கிய மாணவர் ஒருவரை வினவியபோது, ‘யாரோ ஒரு ராஜா ஐயா’ என்றார்!

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கும், 2023 டிசம்பரிலிருந்து அயோத்திதாசருக்கும் மணிமண்டபங்கள் உள. அவை அரசு எழுப்பியவை, அழகியவை, எளிதிற் காணக்கூடியவை. ஓட்டேரியில் உள்ள இடமோ வேறு வகையது. 1930-இலும் 1931-இலும் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்து நமக்காக வாதாடிய சீனிவாசன் அவர்கள் 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் மறைந்து, அங்குள்ள இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார். அவரது நினைவிடத்திற்கு ‘உரிமைக்களம்’ என்று பெயர். சுற்றுலாக் கையேடுகளில் தேடினால் கிடைப்பது அரிது. ஓட்டேரிக்குச் சென்று கேட்டறிதல் வேண்டும். செல்லுமுன் அவர் 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் தன்வரலாற்று நூலைப் படித்திடல் நலம். மிகச் சிறிய நூல் அது. நம்மூரிலிருந்து புறப்படும் வண்டி செங்கற்பட்டைத் தாண்டுவதற்குள் படித்து முடித்துவிடலாம்.