காலத்தின் தீர்ப்பு: ஒயினும் முதுமையும் சில அதிகாரக் கணக்குகளும்

1

தோற்றவர்கள் மேல்முறையீடு செய்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். 1976இல் பாரிஸில் தோற்றுப்போன பிரெஞ்சு ஒயின்காரர்கள் செய்த மேல்முறையீடு கொஞ்சம் வேறு மாதிரி. அவர்கள் காலத்திடம் போய் முறையிட்டார்கள். 'இன்னிக்கு ஜெயிச்சிருக்கலாம், பத்து வருஷம், இருபது வருஷம் போகட்டும், அப்புறம் பேசுவோம்' என்பது அந்த வாதத்தின் சாரம். இந்த வாதம் பிறகு என்னவாயிற்று என்பது சுவையான கதை. ஆனால் அதற்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: காலத்தைத் தன் கட்சிச் சாட்சியாகக் கூப்பிடும் உரிமை ஒருவருக்கு எப்படி வந்து சேர்கிறது?

முதலில் நடந்ததைப் பார்த்துவிடலாம். ஸ்டீவன் ஸ்பரியர் பாரிஸில் ஒயின் கடையும் ஒயின் பள்ளியும் நடத்திவந்த ஆங்கிலேயர். அவரோடு வேலை பார்த்த பேட்ரீஷியா கேலகர் அமெரிக்கப் பெண். அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டை ஒட்டி, 1976 மே 24 அன்று இன்டர்கான்டினென்டல் ஓட்டலில் இருவரும் ஒரு சுவைத்தேர்வு நடத்தினார்கள். வெள்ளையில் கலிபோர்னியா ஆறு, பர்கண்டி நான்கு. சிவப்பில் கலிபோர்னியா ஆறு, போர்தோ நான்கு. லேபிள் காட்டப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் 20க்கு மதிப்பெண். கணக்கில் சேர்ந்தது ஒன்பது பிரெஞ்சு நடுவர்களின் மதிப்பெண் மட்டும். சாதாரண ஆட்கள் இல்லை: தோட்ட முதலாளிகள், பெரிய உணவகங்களின் அதிபர்கள், ஒயின் பத்திரிகை ஆசிரியர் என்று பிரெஞ்சு ருசியின் காவலர்கள்.

வெள்ளையில் ஷாத்தோ மான்டலீனா 1973 முதலிடம். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973. இரண்டும் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. சிவப்பில் வித்தியாசம் மிகச் சிறியது. மூத்தோன் ரோத்ஷீல்ட் 1970 இரண்டாவதாக நின்றது. ஸ்டாக்ஸ் லீப் கொடிகளுக்கோ அந்த 1973 அறுவடையின்போது வயது மூன்று. டைம் பத்திரிகையின் ஜார்ஜ் டேபர் மட்டுமே நிருபராக அங்கே இருந்தார். நடுவர் ஒருவர் நாபா வெள்ளையைச் சுவைத்துவிட்டு, அப்பாடா, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்ற பொருளில் மகிழ்ந்ததையும், இன்னொருவர் பர்கண்டியின் உயர்ந்த ஒயினை வாசனையில்லாத கலிபோர்னியாச் சரக்கு என்று ஒதுக்கியதையும் அவர் எழுதிவிட்டார். முடிவு தெரிந்ததும் பத்திரிகை ஆசிரியர் ஒதேத் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார் என்பதும் பதிவாகியிருக்கிறது.

இதன் பிறகுதான் அந்த மேல்முறையீடு. போர்தோ இளமையில் குடிப்பதற்கானதல்ல, கலிபோர்னியா ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டுச் சீக்கிரம் விழுந்துவிடும், ஆகவே 1970ஐ 1976இல் தீர்ப்பிட்டது தப்பு என்றார்கள்.

2

இந்த வாதத்தைச் சும்மா சப்பைக்கட்டு என்று தள்ளிவிட முடியாது. அதற்குள் வேதியியல் உண்மை ஒன்று இருக்கிறது.

இளம் சிவப்பு ஒயினில் திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய துவர்ப்புப் பொருள்கள் (டானின்கள்) நிறைய. கொட்டைப்பாக்கைக் கடித்தமாதிரி வாயைப் பிடிக்கும். புட்டிக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும்போது இவையும் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்குகிறது. பழ வாசனை பின்வாங்கி, காய்ந்த இலை, தோல், புகையிலை, ஈரமண் என்றெல்லாம் விவரிக்கப்படும் வாசனைகள் முன்னே வருகின்றன. துவர்ப்பு கரைவதற்குள் பழம் செத்துப்போனால் ஒயின் வற்றிய சக்கை. இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தால் அது 'முதிர்ந்த' ஒயின். உலகில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதிக்கு இந்தப் பேச்சே பொருந்தாது; ஓரிரு வருஷத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியவை.

சுவைப்பவர் கிண்ணத்தை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பார்க்கிறார், சுழற்றி முகர்கிறார், புளிப்பும் துவர்ப்பும் பழமும் எந்த அளவில் நிற்கின்றன என்று நாக்கில் எடைபோடுகிறார். இதுவரை அவர் சொல்வது நிகழ்காலம். 'இது இருபது வருஷம் தாங்கும்' என்று சொல்லும்போது அவர் ஜாதகம் கணிக்க ஆரம்பித்துவிடுகிறார். அந்த ஜாதகத்தை நம்பித்தான் வியாபாரமே நடக்கிறது. போர்தோவில் அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே, சுவைத்து விலை பேசி முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். 1982ஆம் வருஷ போர்தோ நெடுநாள் தாங்கும் என்று ராபர்ட் பார்க்கர் எழுதினார், ராபர்ட் ஃபினிகன் சந்தேகப்பட்டார். காலம் பார்க்கரை ஆமோதித்தது. அதற்குப் பிறகு அவர் போட்ட மதிப்பெண் சந்தை விலையாகவே மாறிற்று. அதாவது, முதுமையைப் பற்றிய தீர்ப்பு எதிர்காலத்தின் மேல் எழுதப்படும் பத்திரம்.

3

பழசுக்கு மதிப்பு என்பது இயற்கையாக வந்த ஒன்றல்ல. அதற்கு வரலாறு உண்டு. நடுவில் அறுந்தும் போயிருக்கிறது.

ரோமானியர்களிடம் அது இருந்தது. கி.மு. 121, ஒபிமியுஸ் கான்சலாக இருந்த வருஷத்து ஒயின் தலைமுறைகளுக்குப் புகழப்பட்டது. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழித்து பிளினி அதைப் பற்றி எழுதும்போது அது தேன் பதத்துக்கு இறுகி, தனியே குடிக்க முடியாத கசப்பாகி, வேறு ஒயின்களுக்கு மணம் சேர்க்க மட்டும் பயன்பட்டது என்கிறார். அதோடு விடாமல் வட்டிக் கணக்கும் போடுகிறார்: ஆரம்ப விலைக்கு ஆறு சதவீத வட்டி, 160 வருஷத்துக்கு. குடிக்க முடியாத பண்டத்துக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது! நீரோ காலத்தது என்று பொதுவாகக் கருதப்படும் பெத்ரோனியுஸின் நாவலிலோ, அடிமையாக இருந்து பணக்காரனான த்ரிமால்கியோ தன் விருந்தில் இதே ஒபிமிய ஒயினை 'நூறு வயது' என்று லேபிள் கட்டி வைக்கிறான். கணக்குப்படி அது நூற்றைம்பதைத் தாண்டியிருக்க வேண்டும். புதுப்பணம் பழைய ஒயினைத் தேடும், வயதைத் தப்பாகச் சொல்லும் என்பது அன்றைக்கே நகைச்சுவை. (அக்காலத்து மத்தியதரைக் கடல் ஒயின் சாடிகளின் உடைந்த ஓடுகள் நம் அரிக்கமேட்டிலும் கிடைத்தன.)

ரோமுக்குப் பிறகு ஐரோப்பாவில் கதை தலைகீழ். மரப் பீப்பாயில் காற்றுப்பட்டுக் கிடந்த ஒயின் அடுத்த கோடைக்குள் புளித்துக் காடியாகும். புது ஒயின் வந்து இறங்கினால் பழசின் விலை விழும். ஏறக்குறைய ஆயிரம் வருஷம் 'பழைய ஒயின்' என்பது கெட்டுப்போகிற ஒயின்தான். இது மாறக் காரணம் ருசியின் வளர்ச்சி இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விறகுக்குப் பதில் நிலக்கரி எரித்துக் கனமான கண்ணாடிப் புட்டி செய்தார்கள், தக்கை அடைத்தார்கள், 18ஆம் நூற்றாண்டில் புட்டி உருளை வடிவுக்கு வந்தது, படுக்கவைத்து அடுக்க முடிந்தது. கூடவே நிலவறையும், காத்திருக்கும் அளவுக்குப் பணமும் உள்ள ஒரு வர்க்கம் அங்கே தயாராக இருந்தது. காலம் சொத்தாக மாற இவ்வளவு சாமான் தேவைப்பட்டது.

1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக போர்தோ தரகர்கள் சிவப்பு ஒயின்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். அதற்காக யாரும் உட்கார்ந்து சுவைக்கவில்லை. பல வருஷ விலைகளை வைத்துப் போட்ட வரிசை அது. ஆனால் இன்றைக்கும் அது தரவரிசையாகவே வாசிக்கப்படுகிறது. இரண்டாம் வகுப்பில் வைக்கப்பட்ட மூத்தோன் ரோத்ஷீல்ட் முதல் வகுப்புக்கு ஏற 1973 வரை, 118 வருஷம், ஆயிற்று. மூன்றே வருஷத்தில் அதைத் தோற்கடித்தது மூன்று வயதுக் கொடி. கோபம் வராமல் என்ன செய்யும்?

4

சரி, மேல்முறையீட்டுக்கு வருவோம். 1986இல் நியூயார்க்கில் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி லேபிள் மறைத்துச் சுவைத்தார்கள். வெள்ளையை எடுக்கவில்லை, அதன் காலம் முடிந்துவிட்டதாகக் கருதினார்கள். முதலிடம் கலிபோர்னியாவின் க்ளோ டு வால் 1972. பாரிஸில் அது எட்டாவது. இரண்டாவது ரிட்ஜ் மான்டபெல்லோ 1971. 2006 மே 24 அன்று, சரியாக முப்பது வருஷம் கழித்து, லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில், ஒன்பது ஒன்பது நடுவர்கள். ரிட்ஜ் முதலிடம். முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கு. மூத்தோன் ஆறாவது.

காலம் வாய் திறந்தது, கூப்பிட்டவருக்கு எதிராகவே. இதைக் கலிபோர்னியாவின் வெற்றியாகக் கொண்டாடுவது எளிது, அப்படித்தான் கொண்டாடினார்கள். நான் அதில் சேரத் தயாரில்லை. முப்பது வருஷம் கழித்து மேசைக்கு வருவது பத்து புட்டிகள். ஒவ்வொன்றும் எந்த நிலவறையில், எந்தச் சூட்டில் கிடந்தது என்பதைப் பொறுத்தது அதன் ருசி. நடுவர்களின் நாக்கும் அப்படி ஒன்றும் நிலையானதில்லை. 2008இல் வெளியான ராபர்ட் ஹாட்ஜ்சனின் ஆய்வில், ஒரே ஒயினைத் தெரியாமல் மூன்று முறை கொடுத்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவர்தான் ஒரே தரத்துக்குள் மதிப்பிட்டார். ஆகவே எது உயர்ந்தது என்பதை இந்த மறுதேர்வுகள் நிறுவிவிடவில்லை. ஒன்றை மட்டும் தெளிவாக்கின: 'அவர்களுடையது முதிராது' என்பது சுவைத்துக் கண்ட உண்மையில்லை, சுவைப்பதற்கு முன்பே கையிலிருந்த நம்பிக்கை.

இந்த நம்பிக்கையின் குரல் நமக்குப் பழக்கமானது. 'இன்னும் பக்குவம் வரல.' ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதும்போது, அது பின்தங்கிய சமூகங்களுக்கு இப்போதைக்குப் பொருந்தாது என்றார். இப்படிக் காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களின் இடத்தைத்தான் திபேஷ் சக்ரவர்த்தி 2000இல் வரலாற்றின் காத்திருப்பு அறை என்றார். 'இல்லை' என்று சொன்னால் சண்டைக்கு வரலாம். 'இன்னும் இல்லை' என்று சொன்னால் சண்டைக்குக்கூட வர முடியாது. தமிழில் பக்குவம் என்ற சொல் குழம்புக்கும் ஆன்மாவுக்கும் மனிதருக்கும் ஒன்றுதான். பக்குவம் வந்துவிட்டதா என்று சொல்லும் கரண்டி யார் கையில் என்பதே பிரச்சனை.

5

வரலாறில்லாத மண் என்று சொல்லப்பட்ட கலிபோர்னியாவின் கதையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மான்டலீனா தோன்றியது 1882இல். ரிட்ஜின் மலையில் முதல் கொடி நட்டது 1886இல். 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கு இந்தத் தொடர்ச்சியை முறித்துப்போட்டது. ஆக, இல்லாத வரலாறு என்று சொல்லப்பட்டது முறிக்கப்பட்ட வரலாறு. பிரான்ஸின் பக்கமோ, 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா பூச்சி வேரைத் தின்று தோட்டங்களை அழித்த பிறகு, பிரெஞ்சுக் கொடியை அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுப்போட்டுத்தான் காப்பாற்றினார்கள். இன்றும் பிரான்ஸின் கொடிகள் அநேகமாக அப்படித்தான் நிற்கின்றன. பழமை, மண், பரம்பரை என்று பேசுகிறவர்களின் காலடி வேர் வந்த இடம் இது.

வென்றவர்கள் மட்டும் வேறா? ஜெயித்த இரண்டு ஒயின்களின் புட்டிகளும் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்டாக்ஸ் லீப் 2007இல் 18.5 கோடி டாலருக்கு விலைபோயிற்று. புதியவர்களும் பிரபுக்களாகிவிட்டார்கள். அந்த அருங்காட்சிப் பேழைக்குள் வராதவர்கள் உண்டு. நாபாவின் பழைய நிலவறைக் குகைகள் சிலவற்றைப் பாறையில் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். மான்டலீனா தோன்றிய அதே 1882இல்தான் சீனர் வருகையைத் தடுக்கும் சட்டமும் வந்தது. ஜெயித்த ஒயின்களின் வருஷமான 1973இல் சீசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கம் காலோ ஒயின்களைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் தொடங்கியது. பாரிஸ் தீர்ப்பை நினைவுகூரும்போது இந்த 1973 நினைவுக்கு வருவதில்லை. பழத்தைப் பறித்தவருக்கு வாரக்கூலி. முப்பது வருஷம் காத்திருந்து ஆதாயம் பார்ப்பது நிலவறை உள்ளவருக்கு.

கடைசியாக ஒரு வழக்கு. ரூடி குர்னியவான் என்பவர் பழைய, அரிய ஒயின்களைப் போலியாகச் செய்து பெரும் பணக்காரர்களுக்கு விற்றதற்காக 2013இல் அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டார். அடுத்த வருஷம் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஒரு பர்கண்டித் தோட்டம் தயாரிக்கவே ஆரம்பிக்காத வருஷங்களின் புட்டிகள்கூட ஏலத்துக்கு வந்து மாட்டிக்கொண்டன. அவர் வீட்டைச் சோதித்தபோது கிடைத்தவற்றில் மலிவான நாபா ஒயின்களும் இருந்தன, எந்தப் பழைய போர்தோவாக அவற்றை மாற்றுவது என்ற குறிப்போடு. அறுபது வருஷத்து போர்தோ எப்படி இருக்கும் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய நாக்குகள் மிகச் சில என்பதால்தான் இந்த வியாபாரம் வருஷக்கணக்கில் நடந்தது. 1976இல் முதிராது என்று சொல்லப்பட்ட அதே பள்ளத்தாக்கின் சரக்கு, லேபிளை மாற்றியதும் முதிர்ந்துவிட்டது. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்று வழக்கு சொல்கிறது. அவர்கள் வாங்கியது ஒயினையா, வயதையா என்பதை வழக்கு கேட்கவில்லை; அதை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.