பஞ்சாயதனக் கற்கள்

வீட்டுப் பூஜையில் சிலைகளுக்குப் பதிலாக வைத்து வழிபடப்படும் ஐந்து இயற்கைக் கற்களுக்குப் பஞ்சாயதனக் கற்கள் என்று பெயர். சிவனுக்குப் பாணலிங்கம், திருமாலுக்குச் சாளக்கிராமம், அம்பிகைக்குச் சுவர்ணமுகிக் கல், விநாயகருக்குச் சோணபத்திரக் கல், சூரியனுக்கு ஸ்படிகம் என்பது வழக்கம். இந்த வழிபாட்டை ஆதிசங்கரர் நிலைநிறுத்தினார் என்று ஸ்மார்த்த மரபு சொல்கிறது. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் உரைத் தொகுப்பான ‘தெய்வத்தின் குரல்’ நூலில் இதற்கு விரிவான விளக்கம் உண்டு.

ஐந்து கற்களும் சேர்ந்தே ஒரு சிறு தட்டில் அடங்கிவிடும். கண், மூக்கு, காது என்று எதுவும் செதுக்கப்படாததால் இடுக்குகளில் சந்தனமோ எண்ணெயோ தங்காது. ஒரு சொம்புத் தண்ணீரில் அபிஷேகம் ஆகிவிடும், ஈரம் துடைப்பதும் எளிது. பூஜை அறை என்று தனியாக இல்லாத வீட்டிலும் அலமாரியில் ஒரு தட்டு போதும். இஷ்ட தெய்வத்தை நடுவில் வைத்து மற்ற நால்வரையும் மூலைகளில் வைப்பார்கள். சிவ பஞ்சாயதனத்தில் வடகிழக்கில் திருமால், தென்கிழக்கில் சூரியன், தென்மேற்கில் விநாயகர், வடமேற்கில் அம்பிகை. நடுவில் இருப்பவர் மாறினால் மூலைகளில் இருப்பவர்களும் இடம் மாறுவார்கள்.

ஐந்தில் முதலில் சாளக்கிராமம். நேபாளத்தில் முக்திநாத்தை அடுத்து ஓடும் காளி கண்டகி ஆற்றுப் படுகையில் இது கிடைக்கிறது. இமயம் எழுவதற்கு முன் அங்கே டெத்திஸ் என்ற கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரினங்கள் சேற்றில் புதைந்து கல்லாயின. நிலம் உயர்ந்தபோது அவையும் மலைக்கு ஏறின. கல்லின் துளைக்குள் பக்தர் காணும் சக்கரம், அந்த ஓட்டின் வரிகளோடு கூடிய சுருள்தான். அம்மோனைட்டுகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உலகில் அற்றுப்போயின. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளிலும் அம்மோனைட் படிவங்கள் உண்டு. ஆனால் அவற்றைச் சாளக்கிராமமாக யாரும் பூஜிப்பதில்லை, கண்டகியில் கிடைத்தால்தான் மரபு ஏற்கும். வைணவர்களுக்கு முக்திநாத் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. சாளக்கிராமத்தில் திருமால் இயல்பாகவே உறைகிறார் என்பதால் பிரதிஷ்டை தேவையில்லை என்பார்கள். அதைக் கோயிலாழ்வார் என்னும் பூஜைப் பேழையில் எழுந்தருளப் பண்ணி, திருமஞ்சனம் செய்து, துளசி சாத்தி, அந்தத் தீர்த்தத்தை வீட்டார் அருந்துவது வழக்கம்.

பாணலிங்கம் நர்மதையின் கொடை. வெள்ளம் உருட்டி உருட்டி நீள்வட்டமாக்கிய கடினமான குவார்ட்ஸ் வகைக் கல் அது. மத்தியப் பிரதேசத்தின் கர்கோன் மாவட்டத்திலுள்ள பகாவன் கிராமத்தார், ஆற்றுக் கற்களைத் தேய்த்து மெருகேற்றி லிங்கமாக்குவதைத் தொழிலாகவே செய்கிறார்கள். சிவப்பு நிறச் சோணபத்திரக் கல், கங்கையில் கலக்கும் சோணை ஆற்றிலிருந்து வருகிறது. பொன்னிறம் ஓடிய சுவர்ணமுகிக் கல், காளஹஸ்தியைத் தொட்டு ஓடும் அதே பெயருடைய ஆற்றினுடையது.

ஸ்படிகம் தமிழ்நாட்டின் பங்கு. தஞ்சாவூரை அடுத்த வல்லத்துச் செம்மண் மேட்டில் கிடைத்த படிகக் கற்கள் ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடி வில்லைகளாகவும் தீட்டப்பட்டன. ஸ்படிகம் தூய குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் 7. கண்ணாடியைவிட வேகமாகக் கைச்சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் தொட்டால் சில்லென்றிருக்கும். கடைகளில் ஸ்படிகம் என்ற பெயரில் கண்ணாடியும் விற்கிறார்கள். உள்ளே சிறு காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி. பெரிய ஸ்படிக உருண்டையைத் திருப்பித் திருப்பி அதன் வழியே ஒரு தலைமுடியைப் பார்த்தால், ஏதாவது ஒரு கோணத்தில் அது இரண்டாகத் தெரியும். கண்ணாடி உருண்டையில் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தெளிந்த உருண்டை வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் துணியையோ பஞ்சையோ பற்றவைக்கும். ஜன்னலோர வெயிலில் அதை வைக்கக் கூடாது.

ஸ்படிகத்திலிருந்து ஏதோ ஆற்றல் கசிந்து மனத்தை அடக்குகிறது என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 2001-ல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 80 பேரைக் கொண்டு இதைச் சோதித்தார். அசல் படிகத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் போலியை வைத்திருந்தவர்களும் ஒரே மாதிரியான உணர்வுகளைத்தான் சொன்னார்கள். பஞ்சாயதன மரபு கல்லைச் சும்மா அலங்காரமாக வைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. தினமும் குளித்து வந்து, தட்டை இறக்கி, ஒவ்வொரு கல்லாக எடுத்து நீராட்டி, துடைத்து, பொட்டிட்டு, அதனதன் மூலையில் திரும்ப வைக்கச் சொல்கிறது. அந்தக் கால் மணி நேரம் கை வேறு எதற்கும் போவதில்லை, வாய் மந்திரத்தில் இருக்கிறது, கண் கல்லில் இருக்கிறது. அமைதி அங்கிருந்துதான் வருகிறது. பல ஆண்டு சந்தனமும் நீரும் பட்டு மழமழப்பான ஒரு பாணலிங்கத்தைக் கையில் எடுத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கற்கள் பெரும்பாலும் விலைக்கு வாங்கியவை அல்ல. தாத்தாவிடமிருந்தோ குருவிடமிருந்தோ கைமாறி வந்தவை. பூஜை செய்ய ஆளில்லாமல் நின்றுபோனால், பூஜை நடக்கும் இன்னொரு வீட்டிலோ கோயிலிலோ ஒப்படைப்பது முறை. உங்கள் வீட்டுப் பரணில் இந்தக் கற்கள் உள்ள சம்புடம் கிடந்தால் கீழே இறக்குங்கள். இன்றைக்கு ஒரு உத்தரணித் தண்ணீராவது விடுங்கள்.