உணவில் கஞ்சாச் செடி: மும்பை வரலாறு

கஞ்சாச் செடியின் இலை, விதை, விதையைப் பிழிந்தெடுக்கும் எண்ணெய் ஆகியவை இந்தியாவில் நெடுங்காலமாக உண்ணப்பட்டு வருகின்றன. மும்பைத் தீவோடு தொடர்புள்ள எழுத்துச் சான்று 16ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. இன்று அந்நகரில் செடியின் பூங்கொத்து போதைப்பொருள், இலை மதுவிலக்குத் துறையின் பொறுப்பு, விதை மளிகைச் சரக்கு.

தமிழில் பெயரே முதல் சிக்கல். ஹெம்ப் என்ற சொல்லைச் ‘சணல்’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். ஆனால் கடைத்தெருவில் சணல் என்றால் சாக்கு நெய்யும் நார். பசுந்தாள் உரத்துக்காக வயலில் மடக்கி உழும் சணப்பு வேறொரு செடி. மராத்தியர் அம்பாடி என்றும் தமிழர் புளிச்சக்கீரை என்றும் சமைக்கும் செடியையும் ஆங்கிலேயர் நாரை வைத்துத் ‘தக்காண ஹெம்ப்’ என்றே அழைத்தனர். இவற்றுள் எதிலும் போதை கிடையாது. புளிச்சக்கீரை கடையும் தாராவி வீடு எந்தச் சட்டத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. இங்கே பேசப்படுவது கஞ்சாச் செடி ஒன்றுதான். அதன் இலை வடக்கில் பாங், பழைய தமிழ் வழக்கில் பங்கி.

போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1534இல் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் பம்பாய்த் தீவையே குத்தகைக்குப் பெற்றிருந்தார். உரையாடல் வடிவில் அவர் எழுதிய மூலிகை நூல் 1563இல் கோவாவில் அச்சாயிற்று. அதில் ‘பாங்கே’ பற்றித் தனி இயல் உண்டு. இலையைப் பொடித்து, சிலபோது விதையும் கூட்டி, பாக்கு, சாதிக்காய், சாதிபத்திரி, கிராம்பு போன்றவற்றோடு கலந்து உண்பதை அவர் விவரிக்கிறார். புகைப்பதைவிடத் தின்பதும் குடிப்பதுமே அவர் கண்ட வழக்கம் என்பது கவனிக்கத்தக்கது.

இந்தச் சமையல் முறையை விளக்கமாகப் பதிந்தவர் கல்கத்தாவில் பணியாற்றிய வில்லியம் ஓ’ஷாக்னஸி. அவருடைய 1839ஆம் ஆண்டுக் கட்டுரை இரண்டு பண்டங்களைக் கூறுகிறது. ஒன்று, இலையை மிளகோடும் வெள்ளரி, முலாம்பழ விதைகளோடும் அரைத்துப் பாலும் சர்க்கரையும் சேர்க்கும் பானம். மற்றொன்று மாஜூன்: இலையை வெண்ணெயில் காய்ச்சி, அந்த வெண்ணெயைச் சர்க்கரைப் பாகில் கிளறி வில்லையாக வெட்டும் இனிப்பு. பாலும் வெண்ணெயும் சுவைக்காக மட்டும் சேரவில்லை. போதை தரும் டிஎச்சி என்னும் சேர்மம் நீரில் ஏறக்குறையக் கரையாது, கொழுப்பில் கரையும். பச்சை இலையில் அது அமில வடிவில் இருப்பதால் போதை குறைவு; சூட்டில்தான் மாறுகிறது. அச்சேர்மத்தை இஸ்ரேலிய வேதியியலாளர்கள் தனித்தெடுத்தது 1964இல். நெய்யில் காய்ச்சும் கைப்பக்குவம் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.

வயிற்றுக்குள் போன கஞ்சா கல்லீரலில் மேலும் வீரியமான வேறொரு பொருளாகிறது. விளைவு தெரிய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணி இரண்டாவது குவளை குடிப்பவர்கள் மருத்துவமனைக்குப் போக நேரலாம்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை அடுத்து 1893இல் இந்திய கஞ்சா விசாரணைக் குழு அமைந்தது. பம்பாய் உட்பட மாகாணங்கள்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்று பரிந்துரைத்தது. இலைக்கும் பூங்கொத்துக்கும் பிசினுக்கும் வேறுபாடு காட்டியது அதன் அறிக்கையின் சிறப்பு.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1949ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டம் சாராயத்தோடு கஞ்சாவிலிருந்து கிடைக்கும் போதைப்பொருட்களையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. மத்திய அரசின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமோ, 1961ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையைப் பின்பற்றி, பூங்கொத்து சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்னும் வரையறையிலிருந்து விலக்கியது. அதனால் இலைக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: வாரணாசியில் அரசு உரிமம் பெற்ற கடையில் விற்கும் பாங், மும்பையில் அனுமதியின்றி வைத்திருந்தால் குற்றம். ஹோலிக்கு மும்பை இனிப்புக் கடைகளில் வெளிப்படையாகக் கிடைக்கும் தண்டாய், பாதாமும் சோம்பும் கசகசாவும் அரைத்த வெறும் பால்தான்.

புதிய தின்பண்டங்கள் வேறு சிக்கலைக் கொண்டுவந்தன. 2021இல் மும்பையில் கஞ்சா கலந்த பிரௌனிகள் பிடிபட்டன. கலவையின் மொத்த எடையையும் போதைப்பொருளின் எடையாகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் தண்டனைக் கணக்கில் ஏறக்கூடும் என்ற நிலை உருவானது.

விதையின் கதை வேறு. உத்தராகண்டின் குமாவூன் மலைப்பகுதியில் கஞ்சா விதையை வறுத்து, சீரகம், மிளகாய், எலுமிச்சைச் சாற்றோடு அரைக்கும் துவையல் அன்றாட உணவு. விதைக்குள் போதைச் சேர்மம் இல்லை. மேலே ஒட்டும் பிசின்தான் சிறிதளவு இருக்கும். சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயும் கால் பங்கு புரதமும் கொண்ட இவ்விதை, எள்ளும் கசகசாவும் அரைத்துப் பழகிய கைக்குப் புதிதல்ல. எண்ணெய் மட்டும் தாளிக்க உதவாது, விரைவில் புகைந்துவிடும்.

கல்லூரி நண்பர்கள் சிலர் 2013இல் மும்பையில் தொடங்கிய பம்பாய் ஹெம்ப் கம்பெனி இந்த விதையை நகரச் சந்தைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒன்று. 2017இல் ரத்தன் டாட்டா அதில் முதலீடு செய்தார். உத்தராகண்ட் 2018இல் வணிகச் சாகுபடிக்கு உரிமம் வழங்கியது. ஆனாலும் உணவு விதிகளில் இடமில்லாததால் விதை சில ஆண்டுகள் இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தது. ஆஸ்திரேலியா 2017இலும் நியூசிலாந்து 2018இலும் அதை உணவாக ஏற்றிருந்தன.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக அறிவித்தது. விதையிலிருந்து செய்யும் பானத்தில் டிஎச்சி கிலோவுக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போதை தராத சிபிடி என்னும் சேர்மத்துக்கு வரம்பு 75 மில்லிகிராம். இலைச்சாற்றை உணவில் சேர்க்க இந்த அறிவிப்பு வழிவிடவில்லை. அது ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாகவே விற்பனைக்கு வருகிறது. விதைப் பொட்டலத்தின் மேல் கஞ்சா இலையின் படம் போடவும் அனுமதி இல்லை.